கோளாறு உள்ள வாசகர்

மங்கையர்க்கரசிக்கு உட்கார்ந்தால் எழுந்துவிட வேண்டும் போலிருந்தது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மேலப்புலிவார்டு ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்த அந்தச் சின்ன அறையில் இரண்டே நாற்காலிகள்தான். ஒன்றில் இலக்கிய முகவர் காதர் மீரான் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் அவளுடைய கைப்பை இருந்தது. அவள் சன்னலுக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தாள். அவள் எழுதிய முதல் நாவலை நிழல்கள் படித்து முடித்துவிட்டன. தீர்ப்பு வந்திருந்தது.

"உக்காருங்கம்மா," என்றார் அவர். "நின்னா மட்டும் மாறிடவா போகுது?"

அந்தக் குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மங்கை திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்ப்பவள். எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது என்பதை இந்தக் காலத்தில் ஒவ்வொருவர் கைபேசியும் சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு, அது சொல்வது சரிதானா என்று அவளிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் ஏறினார்கள். மனுஷ வாயிலிருந்து ஒரு 'ஆமாம்' வந்தால்தான் சிலருக்குக் கால் நகரும். அந்த ஆமாம்களுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் அவள் வருஷக்கணக்காக எழுதியதுதான் 'இறங்குமிடம்' என்ற நாவல். சிங்காரம் என்ற கண்டக்டரின் கதை.

எழுதியதைவிட, எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததுதான் பெரும்பாடாக இருந்தது. முன்பெல்லாம் எழுத்தாளர்கள் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே பதிப்பகத்துக்குப் போவார்களாம். இப்போது நடுவில் முகவர் வேண்டும். சென்னையில் ஒரு முகவர், உங்களை எத்தனை லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டார். கவுண்டரில் வரிசையில் நிற்பவர்களைத் தவிர தன் பின்னால் யாரும் வருவதில்லை என்று அவள் உண்மையைச் சொன்னாள். இன்னொருவரிடமிருந்து, அவள் அனுப்பி முடிப்பதற்குள்ளேயே, ஆழ்ந்து பரிசீலித்தும் ஏற்க முடியவில்லை என்று பதில் வந்தது. இப்படியே அலுத்துப்போய் அவள் நாவலை மறக்கப் பார்த்த சமயத்தில்தான், கண்ணாடி மாற்றப் போன அவள் கணவன் சதாசிவம் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தான். எனக்குக் கண்ணாடி வாங்கப் போய் உனக்கு முகவர் வாங்கிக்கொண்டு வந்தேன் என்று அவன் இன்னமும் சொல்லிக்காட்டுவது உண்டு.

முதல் நாள் அவள் வந்தபோதே காதர் மீரான் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார்.

"உங்க நாவலை மனுஷங்க யாரும் படிக்க மாட்டாங்கம்மா. அதை முதல்ல மனசுல வாங்கிக்குங்க. நிழல்தான் படிக்கும்."

பல வருஷங்களுக்கு முன்னால், வாசகர் சபை என்ற நிறுவனம் தமிழ்நாடு முழுக்கச் சில ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் புத்தகம் படித்தார்கள். கண் எந்த வரியில் தங்கியது, எங்கே மூச்சை இழுத்துப் பிடித்தார்கள், எந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள் என்று கண்ணாடி குறித்துக்கொண்டே வந்தது. அந்தக் குறிப்புகளை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு நிழலை உருவாக்கினார்கள். ஆள் எப்படிப் படிப்பாரோ அப்படியே நிழலும் படிக்கும். ஒரே மதியத்தில் அத்தனை நிழல்களும் ஒரு நாவலைப் படித்துவிடும். நிழல்களில் பாதிக்கு மேல் கடைசிப் பக்கம் வரை போனால் நாவல் தேறியது. சபையின் அறிக்கை இல்லாமல் பெரிய பதிப்பகம் எதுவும் அச்சுக்குக் கொடுப்பதில்லை. ஒரு நாவலுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் தேறாவிட்டால் சபை அந்த நாவலை அப்புறம் தொடாது. சபைக்கு அனுப்பும் உரிமையோ முகவர்களுக்கு மட்டும்தான்.

அந்த ஆட்களெல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மங்கை கேட்டாள்.

"எங்கயாவது இருப்பாங்க. சில பேரு மவுத்தாகியிருப்பாங்க. ஆளுக்குத்தான் வயசாகும். நிழலுக்கு ஆகாது."

"உங்களுக்கும் ஒரு நிழல் இருக்கா சார்?"

அவர் சிரித்தார். நிழல் கொடுத்தவர் யாரும் முகவராக இருக்கக் கூடாது, இருப்பது தெரிந்தால் அன்றைக்கே உரிமை போய்விடும் என்றார்.

"பேய்க்குத்தான் நிழல் கிடையாதுன்னு சொல்வாங்க," என்றாள் மங்கை.

"முகவருக்கும் கிடையாதும்மா. ரெண்டும் ஒரே இனம்."

அன்று அவளும் சிரித்தாள். இன்று, அறிக்கை வந்த நாளில், சிரிக்கத் தோன்றவில்லை. காதர் மீரான் திரையை அவள் பக்கம் திருப்பினார். மலையேறிப் போகிற பாதை போல ஒரு கோடு. நடுவில் ஓரிடத்தில் அது தலைகுப்புற விழுந்திருந்தது.

"பதினோராவது அத்தியாயத்துல நிழலுங்க கொட்டிருச்சும்மா. மூட்டையில ஓட்டை விழுந்த மாதிரி. என்ன எழுதினீங்க அதுல?"

மங்கை சொன்னாள். நான்காவது அத்தியாயத்தில் மருதாயி என்று ஒருத்தி பேருந்தில் வருவாள். கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். சிங்காரம் வேறு ஏதோ கோபத்தில், சரியாகக் கேட்காமல், அவளை இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே ஒரு பொட்டல் காட்டில் இறக்கிவிட்டுவிடுவான். பதினோராவது அத்தியாயத்தில், தன் ஓய்வு நாளில், அந்த அம்மா வீடு போய்ச் சேர்ந்தாளா என்று பார்த்துவர அவன் கிளம்பிப் போவான். ஊர் ஊராக விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடிப்பான். அவள் நல்லபடியாக இருப்பாள். அவனுக்குத் தண்ணீர் கொடுப்பாள். குடித்துவிட்டுத் திரும்பி வருவான்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

"அந்தம்மா செத்துப் போயிருந்தா நிழல் நின்னிருக்கும்," என்றார் காதர் மீரான், வருத்தமாகத்தான். "வீட்டுல நல்லா இருந்தா எதுக்கு நிக்கும்?"

பிறகு விரலால் திரையின் அடியில் ஒரு வரியைத் தொட்டார். ஒரே ஒரு நிழல் மட்டும் பதினோராவது அத்தியாயத்தை மிக மெதுவாக, தண்ணீர் குடிக்கும் இடத்தை இரண்டு முறை, படித்திருந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு வரி விடாமல் போயிருந்தது. ஆனால் கணக்கில் சேரவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் பிறகு சற்று நேரம் பார்வை இருட்டு, கருவிக் கோளாறு என்று குறித்திருந்தார்கள். கோளாறு உள்ள நிழல் படித்தால் அது படித்ததாகாது என்பது சபையின் விதி.

"என்ன கோளாறு சார்?"

"இஞ்சினியருங்களுக்கே தெரியாது. பெங்களூருல உக்காந்து பாக்குறாங்க. கண்ணாடி திடீர்னு இருட்டிப்போகுதாம். இந்த நிழலுக்கு அது எப்பவாவதுதான் வரும்."

சொல்லிவிட்டு அவர் திரையை அவசரமாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பதினோராவது அத்தியாயத்தை எடுத்துவிட்டு அனுப்பலாம் என்றார். லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படி இறங்கிப் போனார்.

அத்தியாயத்தை எடுப்பது ஒன்றும் பெரிய வேலையாக இல்லை. பேருந்திலிருந்து ஒரு பயணியை இறக்கிவிடுகிற மாதிரிதான். அதற்குப் பிறகு வந்த இரண்டொரு வரிகளில் மருதாயியின் பெயர் இருந்தது, அதையும் அழித்தாள். ஆனால் அழித்த நாளிலிருந்து அவளுக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. கவுண்டரில் கரூர் பேருந்து கேட்டவரிடம் பெரம்பலூர் என்றாள். பக்கத்து நாற்காலிக்கார லூர்து மேரி அதைத் திருத்தி அனுப்பிவிட்டு, கதையில்தான் ஆட்களைத் தப்பான இடத்தில் இறக்குகிறாய் என்று பார்த்தால் நேரிலும் ஆரம்பித்துவிட்டாயா என்று கேலி செய்தாள். வீட்டில் சதாசிவம் அந்த அத்தியாயத்தைத்தான் முதன்முதலில் படித்தவன். எடுத்துவிட்டேன் என்றதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். அது என்ன பாவம் செய்தது என்று மட்டும் கேட்டான். அப்புறம் கேட்கவில்லை. புத்தகம் வர வேண்டும் என்ற ஆசை அவள் முகத்தில் எழுதியிருந்ததை அவன் எத்தனையோ நாளாகப் படித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது அறிக்கை வந்தபோது காதர் மீரானே கூப்பிட்டார். குரலில் உற்சாகம் இருந்தது. பாதியைத் தொட்டுவிடும் தூரத்தில் வந்து நின்றிருந்தது கோடு. இன்னும் ஒரு சின்ன வெட்டு, கண்டக்டருக்கும் டிரைவருக்கும் நடக்கிற சண்டையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் போதும், மூன்றாவது தடவை நிச்சயம் தேறிவிடும். சென்னையில் ஒரு பெரிய பதிப்பகம் அதற்குள் விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டது.

மங்கைக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வாழ்நாளில் அவளைப் பார்த்து யாரும் 'நிச்சயம்' என்று சொன்னதில்லை. ஆனாலும் வாய் வேறொன்றைக் கேட்டது.

"அந்தக் கோளாறு நிழல் இப்ப என்ன பண்ணுச்சு சார்?"

அவர் வேண்டாவெறுப்பாகத் திரையைத் திருப்பினார். அந்த நிழலின் கோடு நாவலின் பாதி வரை ஒழுங்காகப் போயிருந்தது. அப்புறம் நூல் சிக்குப்போல ஒரே சுருள். நான்காவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது. மருதாயி இறங்கும் இடத்தைப் படித்திருக்கிறது. முன்னால் வந்திருக்கிறது. மறுபடி பின்னால். மறுபடி முன்னால். கடைசியில் பத்தாவது அத்தியாயத்தின் முடிவில், அடுத்த அத்தியாயம் தொடங்குவதற்கு முன், நின்றுவிட்டிருந்தது.

"போன தடவை படிச்சது ஞாபகம் இருக்குமா சார் அதுக்கு?"

"இருக்காது. ஒவ்வொரு தடவையும் அழிச்சுருவாங்க. புதுசாத்தான் படிக்கும்."

"அப்ப எதைத் தேடுது?"

காதர் மீரான் அந்தச் சுருளின் மேல் விரலை ஓட்டினார். "அந்தம்மா வீடு போய்ச் சேந்துச்சான்னு பாக்குது போல," என்றார். உடனே, இதற்கெல்லாம் மனசைக் கொடுத்தால் தொழில் பண்ண முடியாது, அந்த நிழல் கணக்கிலேயே இல்லை, சண்டைக்காட்சியைத் திருத்திச் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து ஏறி உறையூரில் இறங்கி வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனாள். கூரை இல்லாத சன்னதி அது. ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று வெயிலிலும் மழையிலும் இருக்கிறவள் என்று அம்மனைப் பற்றிச் சொல்வார்கள். வேண்டுவதை ஒரு சீட்டில் எழுதி சூலத்தில் கட்டுவது அங்கே வழக்கம். மங்கை சீட்டை வாங்கி, 'என் நாவல் தேற வேண்டும்' என்று எழுத ஆரம்பித்தாள். 'என்' என்பதோடு பேனா நின்றுவிட்டது. முகம் தெரியாத ஒரு ஆள், மங்கை காட்டில் விட்டுவிட்ட மருதாயிக்காக முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பது கண்ணுக்குள் வந்தது. அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ. கடைசியில் அவள் எழுதியது இதுதான்: 'என் கதையை முழுதாகப் படித்தவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.'

கட்டிவிட்டு வெளியே வந்த பிறகு, இப்படிக் கைக்கு வந்த வரத்தைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டோமே என்று ஒரு படபடப்பும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மறுநாள் கவுண்டரில் கூட்டம். துறையூர் பேருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்த கட்டிலிருந்து ஒரு புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. பின்னால் இருந்தவர் தள்ளியதில் அவள் கால் அதன்மேல் பட்டுவிட்டது. சட்டென்று குனிந்து எடுத்து, மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், புத்தகத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அட்டை கண்ணாடியில் தட்டிய சின்னச் சத்தம் மங்கைக்குக் கேட்டது.

மங்கை எழுந்து நின்றுவிட்டாள். லூர்து மேரி என்ன என்று கேட்டதும், இந்த வரிசையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் அக்கா என்று சொன்னதும், மேலப்புலிவார்டு ரோட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதும் அவளுக்குப் பிறகு நினைவில்லை. வழியில் வீட்டுக்குப் போய் நாவலின் தாள்கட்டை, பதினோராவது அத்தியாயத்தோடு, எடுத்துக்கொண்டது மட்டும் நினைவிருந்தது.

காதர் மீரான் அவளைப் பார்த்ததும் திருத்திவிட்டீர்களா என்றார்.

"அது கோளாறு இல்ல சார்," என்றாள் மங்கை, மூச்சு வாங்கிக்கொண்டே. "அந்த இருட்டு. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கிறாரு. படிச்சு முடிக்கிறாரு. மனசு நிறைஞ்சுபோகுது. புத்தகத்தை மூடி எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிறாரு. கண்ணாடி மறைஞ்சா இருட்டாத்தானே சார் இருக்கும்? பெங்களூருல இருக்கிறவங்களுக்கு அது தெரியல."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"சரிம்மா. அப்படியே இருக்கட்டும். ஒரு நிழலைக் கணக்குல சேத்தா ஒரு புள்ளி ஏறும். அதனால உங்க நாவல் தேறிடுமா?"

"நாவலுக்காகச் சொல்லல சார். நல்ல மனுஷன். அவரைப் போயி இத்தனை வருஷமாக் கோளாறுன்னு எழுதி வச்சிருக்காங்க. அது பாவம் இல்லையா? சபைக்குச் சொல்லித் திருத்தச் சொல்லுங்க."

"அதெல்லாம் நம்ம சொன்னா திருத்த மாட்டாங்க. நிழல் கொடுத்த ஆளே நேர்ல வந்து, இது என் நிழல்னு சொல்லணும். யாரு வருவா?" குரல் சற்றே உயர்ந்தது. "நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா. இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கு. பதிப்பகம் காத்துக்கிட்டிருக்கு. அதையும் கெடுத்துக்கப் போறீங்களா?"

மங்கை தாள்கட்டை மேசைமேல் வைத்தாள். இதை முழுதாகத்தான் அனுப்ப வேண்டும், தேறாவிட்டால் போகட்டும் என்றாள். மருதாயியைக் காட்டில் விட்டுவிட்டுப் புத்தகம் போட்டால் அதைக் கையில் வாங்கவே தனக்குக் கூசும் என்றாள். சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. படிக்கட்டு வரை போனவள் திரும்பினாள்.

"நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா சார்?"

குத்திக்காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. அந்த நினைப்பே அவளுக்கு இல்லை. ஊருக்குப் போகிறவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். காதர் மீரான் கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துப் பலகையைப் படிக்கும் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய எழுத்து, அப்புறம் சின்ன எழுத்து, அப்புறம் தெரியவில்லை என்று அந்தக் குரல் சொன்னது.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மங்கை கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் தன்னை விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. அந்த மனுஷர் மனசை நோகடித்துவிட்டோமோ என்ற கவலை, நாவலைப் பற்றிய கவலையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. சண்டைக்காட்சியைத் திருத்திக் கொடுத்துவிடலாமா என்று ஒரு சமயம் தாளை எடுத்து உட்கார்ந்தாள். ஒரு வரி எழுதி அடித்தாள். லூர்து மேரி இவள் படும் பாட்டைப் பார்த்து, உனக்காக மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், புத்தகம் வந்தால் என் பெயரையும் எங்கேயாவது போடு, நல்லவளாகப் போடு என்றாள்.

ஒரு மத்தியானம் சதாசிவம் கூப்பிட்டான். கண்ணாடியின் காது கழன்றுவிட்டது, மாட்டப் போனேன், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த முகவர் பலகையைக் காணோம், திருகாணி இருந்த ஓட்டைதான் இருக்கிறது என்றான்.

அவள் படியேறிப் போனபோது அறைக் கதவு திறந்திருந்தது. பலகை உள்ளே சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையை எடுத்துவிட்டிருந்தார்கள். மேசை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. காதர் மீரான் சன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவள் விட்டுப்போன தாள்கட்டைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சில தாள்கள்தான் பாக்கி. அவள் வந்ததை அவர் கவனிக்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. படிக்கிற ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்ப்பது அவளுக்கு அது முதல் தடவை அல்ல. தன் எழுத்தை வெளியாள் ஒருவர் படிப்பதைப் பார்ப்பதுதான் முதல் தடவை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசித் தாளும் முடிந்தது. அவர் தாள்களைத் தட்டி ஒன்றுசேர்த்தார். மேலே அட்டையை வைத்து மூடினார். பிறகு இரண்டு கைகளாலும் அந்தக் கட்டைத் தூக்கி, கண்ணாடியைக் கழற்ற மறந்தவராக, முதலில் வலது கண்ணிலும் அப்புறம் இடது கண்ணிலும் ஒற்றி, அப்படியே சற்று நேரம் வைத்திருந்தார்.

அட்டை கண்ணாடியில் தட்டிய சின்னச் சத்தம் மங்கைக்குக் கேட்டது.

அவர் கட்டை இறக்கியபோது எதிரே அவள் நின்றிருந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி, மெய்ப்பு பாத்துக்கிட்டிருந்த காலத்துல கொடுத்த நிழல் அது," என்றார் அவர் மெதுவாக. "அப்பல்லாம் கையில கிடைச்சதை முழுக்கப் படிச்சுட்டுத்தான் படுப்பேன். அப்புறம் முகவர் உரிமை கிடைச்சுது. நிழல் கொடுத்ததைச் சொல்லல. சொன்னா குடும்பம் என்னாகிறது? அறிக்கையில அந்த இருட்டைப் பாக்குறப்பல்லாம் திரையைத் திருப்பி வச்சுருவேன். அவன் படிக்கட்டும், நம்ம தொழிலைப் பாப்போம்னு."

அந்த நிழல் தன்னுடையதுதான் என்று சொல்லச் சென்னைக்குப் போய்விட்டு வந்த கதையையும் சொன்னார். சபையில் அவரைப் பழைய கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு படித்துக் காட்டச் சொன்னார்களாம். முடித்ததும் அவர் செய்ததைப் பார்த்து, இது என்ன என்று பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு வடநாட்டு இஞ்சினியர்ப் பெண் கேட்டாளாம். விளக்கியதும் கோளாறு என்று இருந்ததை அடித்துவிட்டு, இதற்கு என்ன பெயர் எழுதட்டும் என்றாளாம்.

"என்ன சொன்னீங்க?"

"எனக்கு வார்த்தை வரலம்மா. மரியாதைன்னு போடுங்கன்னேன். அந்தப் பொண்ணு இன்னும் ரெண்டு மூணு நிழலை எடுத்துப் பாத்துச்சு. இருட்டு நிறைய பேருக்கு இருக்காம். எல்லாரையும் கணக்குலேருந்து தள்ளி வச்சிருக்காங்க. அதுக்கே முகம் மாறிப்போச்சு. பாக்குறேன்னு சொல்லிச்சு. பாக்கும். நல்ல பொண்ணு."

உரிமையை அன்றைக்கே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது. வருத்தமே இல்லை என்று அவர் சொல்லவில்லை, அவள் நம்பியிருக்கவும் மாட்டாள். நாம்தான் இந்த மனுஷரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று மங்கைக்குக் கண் கலங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, கீழே கண்ணாடிக் கடைக்காரர் சாயங்கால வேளைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார், ரப்புல் ஆலமீனான அல்லாஹ் ஒரு வாசலைத் திறந்து வைத்துத்தான் இன்னொன்றை அடைக்கிறான் என்றார். பிறகு குரல் மாறிச் சொன்னார்:

"தஞ்சாவூர்ல என் கூட்டாளி ஒருத்தரு சின்னதாப் பதிப்பகம் வச்சிருக்காரு. நேத்துக் கூப்பிட்டு உங்க நாவலைச் சொன்னேன். அறிக்கை எங்கன்னாரு. அறிக்கை இல்ல, நான் படிச்சேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லம்மா. லைன் போயிருச்சோன்னு பாத்தேன். அப்புறம் கேக்குறாரு, நீயே படிச்சியான்னு. நாலஞ்சு அத்தியாயம் பாக்கி இருக்கு, நாளைக்கு முடிச்சிருவேன்னேன். அப்பக் கொண்டாங்குறாரு. கொஞ்சமாத்தான் அடிப்பாரு. விக்குமான்னு தெரியாது."

மங்கை பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

"எத்தனை பேரு படிப்பாங்கன்னு இனிமே என்னால சொல்ல முடியாதும்மா," என்றார் காதர் மீரான்.

"ஒருத்தர் படிச்சாச்சே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். தாள்கட்டைப் பிரித்து எதையோ தேடினார். பதினோராவது அத்தியாயம் வந்ததும் நிறுத்தினார். மருதாயி சிங்காரத்துக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிற இடத்தில் விரலை வைத்து, அவள் கேட்பதற்காக, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.